அடியில் போய் விழுந்த படங்கள்

மார்ச் 4, புதன்

இன்று போர்வைகள் அதிகம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மடிப்பு மேஜை என்னுடையது. மடித்து மடித்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது. வேலை இருந்தால் மனசு அங்கே இங்கே போகாது என்று மேற்பார்வைக்கார அம்மா சொல்கிறாள். போகத்தான் செய்கிறது.

வீட்டு ஓனர் முன்னறைக்கு வெள்ளை அடித்துக் கொடுத்துவிட்டார். கருகிய வாடை மட்டும் போகவில்லை. அந்த அறையில்தான் என் கணவர் இறந்துபோனார். ராத்திரியெல்லாம் மின்வண்டியில் மருந்துக்கடைகளுக்குப் பெட்டி இறக்கிவிட்டு வருவார். விடிந்ததும் வண்டியின் பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து சார்ஜரில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே படுப்பார். நான் வேலைக்குப் போயிருந்தேன். நெருப்பு பெரிதாக இல்லையாம், புகைதானாம். எல்லாரும் அதை ஓர் ஆறுதல்போலச் சொல்கிறார்கள்.

அவருடைய போன் அடுப்படி ஜன்னலில் இருந்ததால் தப்பித்தது. இன்றுதான் அதைத் திறந்தேன். திறந்ததும் விடாமல் டிங் டிங் என்று சத்தம். மின்வண்டிக்காரர்கள் மன்றம் என்று ஒன்று உண்டு, வண்டி வைத்திருப்பவர்கள் கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும் அங்கேதான். அதில் அவர் பெயர் ‘மெதுவாப்போ’. அவர் தம்பியும் அதே வண்டியை அதே நாளில் வாங்கினான். அவன் ‘வேகமாப்போ’ என்று வைத்துக்கொண்டான். அன்றைக்கு அண்ணனும் தம்பியும் வாசலில் உட்கார்ந்து சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

அவர் கடைசியாகக் கேட்டிருந்த கேள்வியை அப்படியே எழுதி வைக்கிறேன். “சார்ஜர் ரொம்ப சூடாகுது. வயர் உள்ள நுழையற இடம் பழுப்பா ஆகியிருக்கு. படம் சேர்க்கப் பாக்கறேன், கோப்பு பெரிசுன்னு சொல்லித் தள்ளிவிடுது.”

கீழே பதில்கள். படம் போடுங்க அண்ணே. படம் வந்தாதான் சொல்ல முடியும். ஒருத்தர், ‘பழைய சக்கரம்’ என்று பெயர், மன்றத்தில் மூத்தவராம். அவர் எழுதியிருந்தார்: “படம் இல்லாம சொல்ல நான் என்ன ஜோசியக்காரனா.” அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள்.

தம்பியும் எழுதியிருந்தான். “ஒண்ணும் ஆகாதுண்ணா. நீ அதைத் திறக்காம இருந்தாலே போதும்.”

அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை.

மார்ச் 5, வியாழன்

அவர் எடுத்த படம் போனில் இருக்கிறது. பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

மார்ச் 7, சனி

கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று வரும்போது தோன்றியது. இல்லை, போனதுதான் நல்லது.

அதே சார்ஜர். வீட்டு நடையின் சுவரில் பலகை அடித்து அதை அழகாகப் பொருத்தி வைத்திருக்கிறான். வயர் பக்கம் சுவரைப் பார்த்திருக்கிறது, வெளியே தெரிவதெல்லாம் பச்சை விளக்கு மட்டும். பெருமையாக வேறு காட்டினான். அந்தச் சுவரை ஒட்டித்தான் பிள்ளைகள் இரண்டும் பாய் போட்டுப் படுக்கின்றன. சின்னவளின் தலையணை சார்ஜருக்கு நேர் கீழே.

அதைப் பிடுங்கிவிடு தம்பி என்றேன். அவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அண்ணன் கை சும்மா இருக்காது அண்ணி, ரேடியோவை விட்டானா, கடிகாரத்தை விட்டானா, சார்ஜரையும் திறந்து நோண்டியிருப்பான், அதான் எரிந்தது என்றான். தீயணைப்பு அலுவலகத்துக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டான். சார்ஜர் பெட்டியின் மூடி உருகிப்போய்விட்டது, திறந்திருந்தார்களா இல்லையா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்றுதான் அவர் சொன்னார். அதை அவனிடம் மறைக்க எனக்குத் தெரியவில்லை.

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். எரிவதற்கு முன் அவர் எடுத்தது. மூடியின் மேல் கம்பெனி ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறது. திறக்க வேண்டுமென்றால் அதைக் கிழிக்காமல் முடியாது. பார்த்தான். அதற்கப்புறம் திறந்திருப்பான் என்றான்.

“ஒண்ணு எரிஞ்சா ஆள் தப்பு அண்ணி. ரெண்டு எரிஞ்சாதான் கம்பெனி தப்பு.”

“ரெண்டாவதும் எரியணுமா தம்பி?”

அவன் வெளியே போய்விட்டான். ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். வேற யார் வீட்டுலயாவது இதே மாதிரி பழுப்பா இருக்குன்னு காட்டினா கேட்பாருக்கா, என் பேச்சு எடுபடாது என்றாள். அவளுக்கும் பயம்தான். வண்டி ஓடினால்தானே அந்த வீட்டில் அடுப்பு எரியும், அவள்தான் என்ன செய்வாள்.

வேறு யாரிடம் கேட்பது? இந்தச் சார்ஜர் வைத்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் அந்த மன்றத்தில்தான் இருக்கிறார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

காலையிலிருந்து அந்தப் படத்தை மன்றத்தில் போட முயற்சி செய்தேன். கோப்பு பெரிது. கோப்பு பெரிது. கோப்பு பெரிது. அவருக்குச் சொன்னதையே எனக்கும் சொல்கிறது.

நான் எட்டாவது பாதியோடு நின்றவள். எழுதுவேன், படிப்பேன். ஆனால் இந்தப் போன் பேசுகிற தமிழ் வேறு தமிழ்.

மார்ச் 9, திங்கள்

அடுத்த மேஜைக்காரியிடம் சொன்னேன். அவள் நாக்குக்காக நாங்கள் அவளைக் கத்தரிக்கோல் என்றுதான் கூப்பிடுவோம். அவள் ஒரு வழி சொன்னாள். படத்தை அவளுக்கு மெசேஜில் அனுப்பி, அவள் திருப்பி அனுப்பி, அதை இறக்கிக்கொண்டால் தானாகவே இளைத்துவிடுமாம்.

“நாமளும் இப்படி ரெண்டு கை மாறினா இளைச்சிடலாம்ல?” என்றாள். எத்தனையோ நாளைக்கப்புறம் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் குற்றம் செய்ததுபோல ஆகிவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

போட்டுவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில், துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து.

மூன்று படம். முதலாவது அவர் எடுத்தது. இரண்டாவது எரிந்த பிறகு நான் எடுத்தது. மூன்றாவது தீயணைப்பு அலுவலகத்தில் எடுத்தது. அந்த அதிகாரி, உள்ளே எப்படி இருக்கவேண்டும் என்று எனக்குக் காட்டுவதற்காக, அதே கம்பெனியின் புதுச் சார்ஜர் ஒன்றைக் கடையிலிருந்து வரவழைத்து ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்தார். நல்ல மனுஷர். வயர் எங்கே எப்படி இறுகியிருக்கவேண்டும் என்பது அதில் நன்றாகத் தெரியும் என்று அதையும் சேர்த்தேன்.

மேலே எழுதியது இவ்வளவுதான்: “நான் மெதுவாப்போவின் மனைவி. அவர் இந்தச் சார்ஜர் எரிந்து இறந்துவிட்டார். முதல் படம் எரிவதற்கு முன் அவர் எடுத்தது. உங்கள் யாருடைய பெட்டியாவது இப்படி இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.”

அனுப்பு என்ற பட்டனை அமுக்கினேன். மணி அடித்துவிட்டது, மேஜைக்கு ஓடினேன். போட்டது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. எழுதியது போய்ச் சேர்ந்துவிட்டது, இனி பதில் வரும் என்று நினைத்தேன். சாயங்காலம்வரை மனசு கொஞ்சம் லேசாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பழைய சக்கரம் எழுதியிருக்கிறார். “முதல் படத்தை எல்லாரும் பாருங்க. பெட்டி புத்தம் புதுசு. ஸ்டிக்கரைக் கிழிச்சு மூடியைத் திறந்து வச்சிருக்கு. படம் எடுத்தது அவரேன்னு அந்த அம்மாவே சொல்றாங்க. திறந்தவர் எரிஞ்சா கம்பெனி என்ன பண்ணும்?”

அதற்குக் கீழே வரிசையாக ஆமாம், ஆமாம், ஆமாம்.

போய்ப் பார்த்தேன். நான் சேர்த்த படங்கள் எழுத்துக்கு நடுவே எங்கேயும் இல்லை. எல்லாம் பதிவின் அடியில் போய் விழுந்திருந்தன, நகத்தளவு சின்னதாக. அதுவும் தலைகீழ் வரிசையில். கடைசியாகச் சேர்த்தது முதலில். அவர் எடுத்ததோ கடைசியில். இளைக்க வைத்ததில் அந்த ஸ்டிக்கர் வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டது, கிழிந்ததா கிழியாததா என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

நானே அவர்மேல் பழியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். என் கையால்.

கொழுந்தனிடமிருந்து ஒரே வரி. “பாத்தீங்களா அண்ணி.”

மார்ச் 11, புதன்

திருத்து என்ற பட்டனே இல்லை. எங்கே தேடினாலும் இல்லை. போட்டுக் கொஞ்ச நேரத்துக்குள் திருத்தினால்தான் உண்டாம், அப்புறம் பூட்டிவிடுவார்களாம். இதை யார் சொன்னா எனக்கு? எங்க எழுதி வச்சிருக்கீங்க?

கீழே விளக்கம் எழுதலாம் என்று போனால், இழையையே, அந்தக் கேள்வி பதில் வரிசை முழுவதையுமே, மூடிவிட்டார்கள். இறந்தவர் கணக்கிலிருந்து யாரோ விளையாடுகிறார்கள் என்று புகாராம். விளையாட்டா? விளையாட்டாடா இது? நான் இங்க சுவத்தை மோந்து பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், எனக்கு விளையாட்டா?

பழைய சக்கரம் சொன்னது மட்டும் அங்கேயே மேலே நிற்கிறது. யார் வந்தாலும் அதைப் படிப்பார்கள். படித்துவிட்டு, ஓ திறந்ததால் எரிந்தது, நாம் திறக்கவில்லையே, நமக்கென்ன என்று சார்ஜரை மாட்டிவிட்டுத் தூங்குவார்கள்.

அதுதான் எனக்குப் பயம். அவர் பெயர் கெட்டது ஒரு பக்கம். இது இன்னொரு பக்கம்.

மார்ச் 12, வியாழன்

ஓரகத்தி கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். “இன்னைக்குப் பெட்டிமேல கை வைக்க முடியலக்கா. சொன்னா வெயில் காலம்ங்கறாரு.”

பிள்ளைகளை உள் அறையில் படுக்கவை என்றேன். அங்கே காற்று வராது என்று அவர் மாற்றிப் போட்டுவிடுகிறார் என்றாள்.

நாளைக்கு வேலை முடிந்ததும் அங்கே போய் அந்தச் சுவரோரம் நானே படுத்துக்கொள்வதா? என்ன சொல்லிப் படுப்பது?

மார்ச் 13, வெள்ளி

மன்றத்துப் பொறுப்பாளருக்குத் தனியாக எழுதினேன். கத்தரிக்கோல் சண்டைக்காரிபோல எழுதச் சொன்னாள். எழுதிப் பார்த்துவிட்டு அழித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்:

“ஐயா, நான் அவர் மனைவிதான். அவர் கணக்கில் வந்தது தப்பு என்றால் மன்னிக்கவேண்டும். படங்கள் இடம் மாறிவிட்டன. திறந்திருக்கும் பெட்டி எங்களுடையது இல்லை. எனக்குப் படம் வைக்கத் தெரியவில்லை, அதனால் இறந்தவர்மேல் பழி விழுந்திருக்கிறது. அதைவிட, இதே பெட்டி பலர் வீட்டில் மாட்டியிருக்கிறது. அவர்கள் திருப்பிப் பார்க்கவேண்டும்.”

விபத்தைப் பற்றித் தீயணைப்பு அலுவலகம் கொடுத்த காகிதத்தையும் படம் எடுத்து அனுப்பினேன்.

பதில் வந்தது. பொறுப்பாளர் ஒரு பெண்ணாம். என்னை அக்கா என்று எழுதியிருந்தாள். பழைய இழையை அழிக்க முடியாது, விதி அப்படி. என் பெயரிலேயே ஒரு கணக்குத் திறந்து புதிதாக எழுதச் சொன்னாள். பழைய இழையின் மேலே, இதைப் படிக்குமுன் புதிய இழையைப் பாருங்கள் என்று அவளே எழுதிவிடுவாளாம்.

கூடவே படம் வைக்கும் முறையையும் சொன்னாள். “சேர்த்தால் மட்டும் போதாதுக்கா. சேர்க்கிறது ஒரு வேலை, வைக்கிறது இன்னொரு வேலை. நீங்க எந்த வரியிலயும் வைக்காத படத்தை மன்றம் தூக்கி அடியில போட்டுடும்.”

மார்ச் 14, சனி

சலவைக்கூடத்தில் போர்வையை மடிக்கும்போது வார்டு பெயர் அச்சடித்த மூலை மேலே வரவேண்டும். உள்ளே போய்விட்டால் அது எந்த வார்டுக்கும் போகும். புதிதாக வருகிறவர்கள் நேர்த்தியாக மடிப்பார்கள், மூலையை உள்ளே விட்டுவிடுவார்கள். நான் செய்ததும் அதுதான்.

இன்று முதலில் அவர் எடுத்த மூலப்படத்தையே எடுத்தேன். இளைக்க வைக்கவில்லை. வெட்டினேன். மேஜை, தரை, அவருடைய செருப்பு எல்லாம் அந்தப் படத்தில் இருந்தன. சார்ஜரும் ஸ்டிக்கரும் பழுப்பு இடமும் மட்டும் இருக்கும்படி ஓரங்களை உள்ளே தள்ளிக்கொண்டே வந்தேன். செருப்பை வெட்டும்போது கை நின்றது. வெட்டிய பிரதிதானே, மூலம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்டியதும் கோப்பு சின்னதாகிவிட்டது. ஸ்டிக்கரில் எழுத்துகூடப் படிக்க முடிகிறது.

நாளைக்கு வைக்கவேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

நாள் முழுக்க இதே வேலை. அடுப்பில் தண்ணீர் வைத்தது வற்றிப்போனதுகூடத் தெரியவில்லை.

ஒரு வரி எழுதுவேன். அந்த வரியின் முடிவில் விரலை வைத்தால் ஒரு சின்னக் கோடு மினுக்கும். அது மினுக்குகிற இடத்தில்தான் படம் விழும். அப்புறம் கீழே போய்ப் படத்துக்குப் பக்கத்தில் உள்ள ‘வரியில் வை’ என்பதை அமுக்கவேண்டும். சிறு படமா முழுப் படமா என்று கேட்கும். முழுப் படம். முதல் தடவை கோடு வேறு இடத்தில் மினுக்கியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை, எரிந்த பெட்டி அவர் பெயருக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. நல்லவேளை, இப்போது முன்பார்வை என்று ஒன்று இருப்பது தெரியும். அனுப்புமுன் அதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன்.

முதல், இரண்டாம், மூன்றாம் என்ற வார்த்தையே இந்த முறை எழுதவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் தலைக்கு மேலே அதன் வரி.

இது எரிவதற்கு முன். ஸ்டிக்கர் கிழியவில்லை, பாருங்கள். வயர் நுழையும் இடம் பழுப்பு.
அதன் கீழே படம்.

இது எரிந்த பிறகு.
அதன் கீழே படம்.

இது எங்களுடையது அல்ல. தீயணைப்பு அதிகாரி எனக்குக் காட்டுவதற்காகத் திறந்த புதுப் பெட்டி.
அதன் கீழே படம்.

கடைசியில் எழுதினேன்: “உங்கள் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, ஆறவிட்டு, திருப்பிப் பாருங்கள். திறக்கவேண்டாம். சுவரில் பொருத்தியிருந்தால் கழற்றிப் பாருங்கள்.”

கடைசி வரி யாருக்கு என்று அவனுக்குத் தெரியும்.

அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததையும் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது.

மார்ச் 16, திங்கள்

ஒரு பதிலும் இல்லை. பார்த்தவர்கள் நிறையப் பேர் என்று காட்டுகிறது. பார்த்துவிட்டு ஏன் பேசாமல் இருக்கிறார்கள்? எல்லார் வீட்டிலும் நன்றாக இருந்தால் நல்லதுதானே. நல்லதுதான். அப்படியென்றால் அவர் மட்டும்தானா? என்ன நினைப்பு இது, அடுத்தவர் வீட்டில் பழுப்பு இருக்கவேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருக்கிறேனா?

ஓரகத்தியைக் கூப்பிட்டேன். அவர் படித்துவிட்டார் என்றாள். சாப்பிடவில்லையாம். சார்ஜர் அங்கேயேதான் இருக்கிறதாம்.

திறக்காம இருந்தாலே போதும் என்று அண்ணனுக்கு எழுதினவன் அவன். அண்ணன் திறக்கவில்லை என்றால் அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு அவன் என்னதான் செய்வான். எனக்கு அவன்மேல் இருந்த கோபத்தை இன்று எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

பழைய சக்கரம் வந்துவிட்டார்.

வார்த்தை ஒன்றுகூட இல்லை. வெறும் படம். அதுவும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, அவருக்கும் திருப்பத் தெரியவில்லைபோல. நான் போனைத் திருப்பிப் பார்த்தேன். சார்ஜர். கிழியாத ஸ்டிக்கர். வயர் நுழையும் இடத்தில் தேநீர் சிந்தி உலர்ந்ததுபோலப் பழுப்பு.

கையிலிருந்த போர்வையை மடிக்காமல் மேஜைமேல் போட்டேன். கத்தரிக்கோல் என்ன என்னவென்று கேட்டாள். போனை அவளிடம் கொடுத்தேன். அவளும் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தாள்.

வேலை விட்டு வரும்போது இன்னும் இரண்டு பேர் படம் போட்டிருந்தார்கள். பழைய சக்கரம் அப்புறம் இரண்டு வரி எழுதியிருந்தார்.

“பிடுங்கிட்டேன். நான் அன்னைக்குப் பேசினது தப்பும்மா.”

எனக்கு அதைப் படித்துச் சந்தோஷம் வரவில்லை. மூன்று வீட்டில் மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்தேன்.

அந்தப் படங்களைக் கொழுந்தனுக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை, படங்கள் மட்டும். பார்த்துவிட்டான் என்று அடையாளம் வந்தது. பதில் இல்லை.

மார்ச் 18, புதன்

இல்லை. ஓரகத்தியும் போனை எடுக்கவில்லை.

நாளைக்கு அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன். நேராகப் போய் நானே பிடுங்குகிறேன். என்ன செய்துவிடுவான்?

மார்ச் 19, வியாழன்

போகவில்லை. கிளம்பிக்கொண்டிருக்கும்போது மன்றத்திலிருந்து டிங் என்றது.

வேகமாப்போ எழுதியிருந்தான். என் இழையில், எல்லாரும் பார்க்க.

“மெதுவாப்போ என் அண்ணன். அவன் பெட்டியைத் திறக்கவில்லை. இது என்னுடையது.”

அந்த வரிக்கு நேர் கீழே படம். அடியில் விழவில்லை, சாயவில்லை, முழுப் படமாக வைத்திருக்கிறான். வாசல் படியில் பகல் வெளிச்சத்தில் சார்ஜர் மல்லாந்து கிடக்கிறது. பழுப்பைத் தாண்டி ஓரம் கறுத்தே போயிருக்கிறது. பலகையும் அதோடு வந்திருக்கிறது, ஸ்க்ரூவைக் கழற்றக்கூடப் பொறுமை இல்லாமல் சுவரிலிருந்து பிய்த்திருக்கிறான். வயரை அந்தப் பெட்டிமேலேயே சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறான்.

படத்தின் ஓரத்தில் சின்னவளின் கால்விரல்கள் தெரிகின்றன. எட்டிப் பார்க்க வந்திருப்பாள்.

அதை அவன் வெட்டவில்லை.